இந்த 41 வேறு, அந்த 41 வேறு

லாகில், அதாவது நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவில், அந்த வரி இப்படித்தான் இருந்தது: [41, 57]. நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்த பார்சல் சர்வீஸில் கரூர் பிராஞ்சின் எண் 41. வேலாயுதம்பாளையத்தில் இருக்கும் சின்ன புக்கிங் ஆபீஸின் எண் 57. கரூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அந்த அம்மாவுக்கு இந்த இரண்டு ஊர் எல்.ஆர். (பார்சலை புக் செய்யும்போது எழுதும் ரசீது) மட்டும்தான் தெரிய வேண்டும், லாகும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அவர் போன் செய்து, "மேடம், காலையில இருந்து எங்க பிராஞ்ச் புக்கிங்கே எனக்கு வரமாட்டேங்குதுங்க" என்றார். லாகைப் பார்த்தேன், 41 இருக்கிறது. டேட்டாபேஸைப் பார்த்தேன், அங்கேயும் 41 இருக்கிறது. திரை கேட்கிற பிராஞ்ச் எண்ணும் 41தான். ஆனாலும் பட்டியலில் 41 இருக்கிறதா என்று நிரலிடம் கேட்டால் இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாவாவில் வேலை செய்பவர்கள் இதற்குள் யூகித்திருப்பீர்கள். பட்டியலில் கிடந்தது இன்டிஜர் 41, திரை கேட்டது லாங் 41. இரண்டும் முழு எண் வகைகள்தான், இன்டிஜர் சிறியது, லாங் பெரியது. சமமா என்று ஒப்பிடும் லாங்கின் ஈக்வல்ஸ் மெத்தட் முதலில் எதிரில் நிற்பதும் லாங்தானா என்று பார்க்கும். இல்லையென்றால் உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் பொய் என்று சொல்லிவிடும். உள்ளே ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் லிஸ்ட்டின் கன்டெயின்ஸ் எந்த வகை ஆப்ஜெக்டைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பதால், கோடைச் சரிபார்த்து ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரும் குறுக்கே வராது. லாகில் அச்சடிக்கும்போது இரண்டும் அதே நான்கும் ஒன்றும்தான், மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சரி, அது புரிந்தது. புரியாமல் போனது வேறொன்று. அந்தப் பட்டியலை லாங் லிஸ்ட் என்று எழுதியவளே நான்தான். அதற்குள் இன்டிஜர் எந்த வழியாக வந்தது?

இந்தக் கேள்வியை அன்றைக்கே விடாமல் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. வேறு அவசரம் வந்துவிட்டது, விட்டுவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அது வேறு உருவத்தில் திரும்பி வந்தது, அப்போது விஷயம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் நிரலாக்கத்தில் ஒரு ஆப்ஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்பை எடுத்துவைப்பது என்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த வேலையைப் பற்றி எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டானது அதற்கப்புறம்தான்.

கரூர் பிரச்சினைக்கு அன்று என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், இரண்டையும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாக, மாற்றிவிட்டு ஒப்பிட்டால் போகிறது என்றார். மாற்றினோம், திரையில் புக்கிங் வந்தது, அந்த அம்மா நன்றி சொல்லி போனை வைத்தார். ஒரு மாதம் கழித்து மாதாந்திர ரிப்போர்ட் ஒன்று விழுந்தது. இந்த முறை கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் என்ற வெளிப்படையான பிழை, இன்டிஜரை லாங்காகப் பாவிக்க முடியாது என்று. பிராஞ்ச் பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்பின் வரி எண்ணைக் காட்டியது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பத்து நிமிஷத்தில் வந்து, "அக்கா, லாங்னு வாங்காம நம்பர்னு வாங்கிட்டு, அப்புறம் லாங்வேல்யூ எடுத்துட்டேன், ஓடுது" என்றாள். கோடைப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் நான்தான். மூன்றாவதாக இன்னோர் இடத்தில், யாரோ லிஸ்ட்டை முதலில் எந்த வகையும் இல்லாத லிஸ்ட்டாக மாற்றி, அங்கிருந்து வேண்டிய வகைக்கு மாற்றி, கம்பைலர் முணுமுணுத்ததை அடக்குவதற்கு மேலே ஒரு சப்ரஸ் வார்னிங்ஸும் ஒட்டியிருந்தார்கள்.

மூன்று இடம், மூன்று ஒட்டு. மூன்றுமே பிழை கத்திய இடத்தில் போட்டவை.

எங்களுடையது கோவையில் ஒரு சின்ன கம்பெனி. பார்சல் சர்வீஸ் ஒன்றின் புக்கிங், டெலிவரி, குடோன் இருப்பு எல்லாவற்றையும் எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. யார் உள்ளே நுழையலாம் என்ற விவரம் இருக்கும் பழைய டேபிள்களில் பிராஞ்ச் எண் இன்ட் ஆக, அதாவது இன்டிஜராக, இருந்தது. பிறகு எழுதிய எல்லா டேபிளிலும் எண்கள் பெரிய வகை, அதாவது லாங். ஆகவே டேபிளை அப்படியே பிரதிபலிக்கிற யூசர் என்டிட்டியில் பிராஞ்ச் பட்டியல் இன்டிஜர் லிஸ்ட். திரைக்கும் ரிப்போர்ட்டுக்கும் போகிற யூசர் வியூவில் அதே பெயரில் லாங் லிஸ்ட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துவைக்க ஒரே வரி எழுதியிருந்தோம், ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் பீன்யூட்டில்ஸில் இருக்கும் காப்பி ப்ராப்பர்ட்டீஸ். மூலத்தைக் கொடு, இலக்கைக் கொடு, ஒரே பெயரில் இருப்பதையெல்லாம் அது எடுத்துவைத்துவிடும். முப்பது புலங்கள் ஒரே வரியில் போய்விடும். அந்தச் சவுகரியம் எனக்குப் பிடித்திருந்தது, இன்னமும் ஏன் பிடிக்கிறது என்று புரிகிறது.

பண்டலைப் பிரிக்கும் இடத்தில் சண்டை

பட்டியலுக்குள் எந்த வகை இருக்கும் என்று எழுதிக் காட்டும் ஜெனரிக்ஸ் ஜாவாவுக்கு வந்தது 2004இல், ஜாவா 5ஆம் பதிப்பில். அதற்கு முன்னால் எழுதப்பட்ட கோடு எல்லாம் உடையாமல் ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைல் ஆன பிறகு அந்த வகை விவரத்தை அழித்துவிடுகிற வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது நாம் எழுதும்போது லாங் லிஸ்ட், இன்டிஜர் லிஸ்ட் என்று இரண்டு வகை. ஓடும்போது இரண்டும் வெறும் லிஸ்ட். அப்படியென்றால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? பட்டியலிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கும் இடத்தில் கம்பைலர் சத்தமில்லாமல் ஒரு காஸ்ட் (இதை இந்த வகையாக எடுத்துக்கொள் என்ற கட்டளை) வைத்துவிட்டுப் போகிறது. உள்ளே வைக்கும்போது கம்பைலர் கண்காணிக்கிறது, ஆனால் ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போது பெயரை வைத்துப் புலத்தைத் தேடிப் பிடிக்கும் வசதி) வழியாக வைத்தால் கம்பைலரின் கண்ணுக்கே அது வராது. காப்பி ப்ராப்பர்ட்டீஸ் ரிஃப்ளெக்ஷன் வழியாகத்தான் வேலை செய்கிறது. எங்கள் பழைய பதிப்பில் அது பார்த்ததெல்லாம் ஒன்றே ஒன்று: இங்கேயும் லிஸ்ட், அங்கேயும் லிஸ்ட், ஆக வைக்கலாம்.

பார்சல் ஆபீஸ்களில் ஒரு வருஷம் சுற்றினவர்களுக்கு இது உடனே பிடிபடும். கரூரில் ஒருவர் பெட்ஷீட் என்று எழுதி ஒரு பண்டலை புக் செய்கிறார். எல்.ஆர்.இல் பெட்ஷீட், பண்டலின் மேல் மார்க்கர் பேனாவில் பெட்ஷீட், லோடு சீட்டிலும் பெட்ஷீட். சேலத்தில் பார்ட்டி வந்து டூ-பே (பார்சலைப் பெறுபவர் கட்டும்) பணத்தைக் கட்டிவிட்டுப் பிரித்தால் உள்ளே கொசுவலை. சண்டை யாரோடு? சேலம் டெலிவரி கிளார்க்கோடு. அவர் அந்தப் பண்டலை ஏற்றவுமில்லை, எழுதவுமில்லை. பிரித்த இடம் அவர் கவுன்டர், அவ்வளவுதான். எங்கள் ரிப்போர்ட்டின் ஃபார் லூப்பும் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எந்த வரியில் எழுந்தது என்று காட்டும் பட்டியல்) காட்டிய வரியில் எந்தத் தப்பும் இல்லை, அது தனக்குச் சொன்னதை நம்பிப் பண்டலைப் பிரித்தது. நாங்கள் போய் அந்தக் கவுன்டரையே மாற்றிக் கட்டிவிட்டு வந்தோம்.

இந்த மாதிரி காப்பியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அது வகைப் பிழையைவிடவும் அமைதியானது. காப்பி என்று பெயர் இருந்தாலும் லிஸ்ட் காப்பி ஆவதில்லை. என்டிட்டி கையில் வைத்திருக்கும் அதே லிஸ்ட் ஆப்ஜெக்டின் முகவரிதான் வியூவுக்கும் போகிறது. திரைக்காக வியூவின் பட்டியலிலிருந்து யாராவது ஒரு பிராஞ்சை நீக்கினால், என்டிட்டியின் பட்டியலிலிருந்தும் அது போய்விடும். டிரான்ஸாக்ஷன் திறந்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் டேட்டாபேஸில் இருப்பதும் போகும். எங்களுக்கு நல்லவேளையாக அது நேரவில்லை. ஆனால் பிறகு கோடு முழுக்கத் தேடியபோது, அப்படி நேரக்கூடிய இரண்டு இடங்களைக் கண்டுபிடித்தோம். அன்று எனக்கு வியர்த்தது.

பிழை காணாமல் போன வாரம்

2021இல், ஸ்பிரிங்கை உள்ளே வைத்திருக்கும் ஸ்பிரிங் பூட்டை 2.3இலிருந்து 2.4க்கு ஏற்றினோம். பாதுகாப்புத் திருத்தங்களுக்காகச் செய்ய வேண்டியிருந்த வேலை, ஒரு வாரம் ஆனது. ஏற்றிய பிறகு டீம் லீட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். எப்போதாவது ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் லாகில் அடியோடு இல்லை. "புது வெர்ஷன்ல அவங்களே சரி பண்ணிட்டாங்க போல" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. டெஸ்டிங்கில் எல்லாம் பச்சை. வெள்ளிக்கிழமை இரவு லைவில் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரூரிலிருந்து போன். அதே அம்மா. "மேடம், ஒண்ணு கேக்கணுமுங்க. ஈரோடு, சேலம், திருப்பூர் கணக்கெல்லாம் எனக்குத் தெரியுதுங்க. பார்ட்டி ரேட்டு கூட வருது. இது நான் பாக்கலாங்களா?"

பார்சல் தொழிலில் ரேட் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் நூறு பண்டல் அனுப்பும் பார்ட்டிக்கு ஒரு ரேட், எப்போதாவது வருபவருக்கு ஒரு ரேட், பிராஞ்சுக்குப் பிராஞ்ச் அதுவும் மாறும். ஒரு பிராஞ்ச் கொடுக்கும் சலுகை அடுத்த பிராஞ்சுக்குத் தெரிந்தால் முதலாளிக்கு அடுத்த நாள் காலையே பஞ்சாயத்து ஆரம்பிக்கும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் பாதி நாள் என்று எல்லா பிராஞ்ச் கிளார்க்குகளுக்கும் எல்லா ஊர்க் கணக்கும் திறந்து கிடந்திருக்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை. தெரிய வேண்டியது தெரியவில்லை என்றால் உடனே போன் வரும். தெரியக் கூடாதது தெரிந்தால் யார் போன் செய்வார்கள்? அவர் ஒருவர் செய்தார். அவருடைய அந்த நேர்மைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

லைவை உடனே பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு, டெஸ்ட் மெஷினில் புதுப் பதிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரூர் லாகினில் நுழைந்து லாகைப் பார்த்தால், [41, 57] இருந்த இடத்தில் வெறும் அடைப்புக்குறி: []. பட்டியல் காலி. எங்கள் கோடில் ஆரம்பத்திலிருந்தே ஒரு விதி உண்டு. பிராஞ்ச் பட்டியல் காலியாக இருந்தால் அவர் ஹெட் ஆபீஸ் ஆள், எல்லாவற்றையும் பார்க்கலாம். யார் எப்போது எழுதினார்கள் என்று தேடிப் பார்க்கவில்லை, தேடியும் பயனில்லை, நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போனவர்கள்தான். காலி என்பது "இல்லை" என்றும் "எல்லாம்" என்றும் ஒரே நேரத்தில் பொருள்படும்படி விட்டிருந்தோம். டெஸ்டிங்கில் எல்லாம் பச்சையாக வந்ததற்குக் காரணமும் அதுதான், டெஸ்ட் லாகின்கள் அத்தனையும் ஹெட் ஆபீஸ் லாகின்கள்.

பட்டியல் ஏன் காலியானது? வியூவின் செட்டர்களில், அதாவது ஒவ்வொரு புலத்திலும் மதிப்பை வைக்கும் மெத்தடுகளில், நிரல் வந்தால் நிற்கும்படி பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மற்ற செட்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பெயர் வந்தது, போன் நம்பர் வந்தது, பதவி வந்தது. பிராஞ்ச் பட்டியலின் செட்டர் வரவே இல்லை. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் வரவில்லை. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்தப் புலத்தை அது தொடாமலேயே கடந்து போயிருந்தது.

செட்டரில் வைத்த காவல்

அன்று இரவு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பழைய பதிப்பை இன்னொரு ஃபோல்டரில் எடுத்தேன். யூசர் வியூவின் செட்டரைத் திறந்தேன். வந்த பட்டியலை அப்படியே புலத்தில் வைத்துக்கொள்ளும் ஒரே வரி அங்கே இருந்தது. அதை அழித்துவிட்டு, கலெக்ஷன்ஸ் கிளாஸில் இருக்கும் செக்டு லிஸ்ட்டை எடுத்தேன். இதுவும் ஜாவா 5இலேயே ஜெனரிக்ஸோடு சேர்ந்து வந்ததுதான், ஆனால் அதைப் பயன்படுத்தி நான் யாரையும் பார்த்ததில்லை. ஒரு காலி லிஸ்ட்டையும் லாங் கிளாஸையும் அதனிடம் கொடுத்தால், லாங் தவிர வேறு எதை உள்ளே போட்டாலும் போடும் அந்த நொடியிலேயே தடுத்துவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது சோதிக்காது, ஆகவே வந்த பட்டியலின் மேல் அதைப் போர்த்துவதில் பிரயோஜனம் இல்லை. காலியாக ஒன்றை உண்டாக்கி, வந்ததையெல்லாம் அதில் ஆட் ஆல் செய்ய வேண்டும். மூன்று வரி. ஓட்டினேன்.

கரூர் லாகின் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே விழுந்தது. ரிப்போர்ட் வரைக்கும் போகவில்லை, திரை வரைக்கும் போகவில்லை. லாங் வகை உறுப்புகளுக்கான தொகுப்பில் இன்டிஜரைச் செருக முயற்சி என்ற செய்தி. அதன்மேல் ஸ்பிரிங்கின் செய்தி, பிராஞ்ச் பட்டியல் என்ற புலத்தை மூலத்திலிருந்து இலக்குக்குக் காப்பி செய்ய முடியவில்லை என்று, புலத்தின் பெயரோடு. அதற்குக் கீழே, ஸ்டாக் ட்ரேஸில் எங்கள் கோடின் வரி எண், காப்பி ப்ராப்பர்ட்டீஸை அழைத்த அந்த ஒற்றை வரி. ஒரு வருஷமாக வேறு வேறு கவுன்டர்களில் வெடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் முதல் முறையாக புக்கிங் கவுன்டரிலேயே வெடித்தது.

மூன்று ஒட்டுகளையும் மனதில் அடுக்கிப் பார்த்தேன். ஸ்ட்ரிங்காக மாற்றிய ஒப்பீடு, நம்பர் வழியாக எடுத்த லூப், கம்பைலரின் வாயை அடைத்த காஸ்ட். மூன்றும் ஒரே பிழையின் மூன்று முகங்கள், மூன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தபோது நாங்கள் யாரும் "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்கவில்லை. சிவப்பு போனால் போதும் என்றிருந்தோம். வகைப் பிழையை நான் அதுவரை கம்பைலரின் பிடிவாதமாகவே பார்த்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அது பிடிவாதம் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு மதிப்பு கை மாறும்போது யாரோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள், அதைச் சொல்வதற்கு அதற்கு வேறு மொழி இல்லை.

புதுப் பதிப்பின் மௌனத்துக்குக் காரணம் ஆவணத்திலேயே இருந்தது. ஸ்பிரிங் 5.3இலிருந்து காப்பி ப்ராப்பர்ட்டீஸ் ஜெனரிக்ஸ் விவரத்தையும் மதித்துப் பொருத்திப் பார்க்கும் என்று எழுதி, கீழே ஒரு சின்ன அட்டவணையும் கொடுத்திருக்கிறார்கள். இன்டிஜர் லிஸ்ட்டிலிருந்து லாங் லிஸ்ட்டுக்கு என்ற எங்கள் ஜோடியே அந்த அட்டவணையில் இருக்கிறது, எடுத்துவைக்கப்படாது என்று. பூட் 2.4க்குள் இருப்பது 5.3தான். அவர்கள் மாற்றியது சரியான மாற்றம், தப்பான வகையை உள்ளே திணிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் பொருந்தாத புலத்தைப் பேசாமல் தாண்டிப் போவது அந்த மெத்தடின் பழைய சுபாவம், அது மாறவில்லை. என் கருத்து இதில் இன்றும் மாறவில்லை: ஒரே பெயர், வேறு வகை என்று இரண்டு புலம் எதிரெதிரே நின்றால், காப்பி செய்யும் கருவி கத்த வேண்டும். எடுத்துவைப்பதும் தப்பு, தாண்டிப் போவதும் தப்பு.

இதே பெயரில் அப்பாச்சி காமன்ஸிலும் ஒரு பீன்யூட்டில்ஸ் உண்டு. அதில் இலக்கு முதலில், மூலம் இரண்டாவது, ஸ்பிரிங்கில் தலைகீழ். தப்பான இம்போர்ட் ஒன்று விழுந்தால் காலி ஆப்ஜெக்ட் நிறைந்த ஆப்ஜெக்டின் மேல் ஏறிவிடும், இரண்டுமே ஆப்ஜெக்ட் வகை என்பதால் இடம் மாறியதில் கம்பைலருக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாச்சியுடையது வகையையும் தானே மாற்றிக் கொடுக்கும், மூலத்தில் நல் (null, மதிப்பே இல்லை) ஆக இருக்கும் இன்டிஜர், மாற்றாமல் விட்ட அமைப்பில், இலக்கில் 0 ஆகிவிடும். எடை எழுதப்படாத பார்சலும் எடை 0 என்று எழுதிய பார்சலும் ஒன்றா? குடோனில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் மாதிரி ஆட்கள்தான் இதில் வழுக்கி விழுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஜாவாவின் அர்ரேலிஸ்ட் கிளாஸைத் திறந்து, இன்னொரு கலெக்ஷனை வாங்கி அதைக் காப்பி செய்துகொள்ளும் கன்ஸ்ட்ரக்டரை, அதாவது ஆப்ஜெக்டை உண்டாக்கும் பகுதியை, பாருங்கள். ஜாவா 8இல் அங்கே ஒரு குறிப்பு இருக்கிறது, வந்த கலெக்ஷனின் டூ அர்ரே (அதை அர்ரேயாக மாற்றிக் கொடுக்கும் மெத்தட்) தருவது தவறுதலாக ஆப்ஜெக்ட் அர்ரேயாக இல்லாமல் போகலாம் என்று, பக்கத்தில் 6260652 என்ற பிழை எண். அர்ரேஸ் ஆஸ் லிஸ்ட்டில் ஸ்ட்ரிங்குகளைக் கொடுத்து உண்டாக்கிய லிஸ்ட்டிடம் டூ அர்ரே கேட்டால் ஆப்ஜெக்ட் அர்ரே என்ற பெயரில் ஸ்ட்ரிங் அர்ரே வெளியே வந்துகொண்டிருந்தது. வாங்கியவர் அதில் ஒரு இன்டிஜரை வைத்தால் அர்ரே ஸ்டோர் எக்ஸெப்ஷன். 2017இல் வந்த ஜாவா 9இல்தான் அது சரியானது. அதுவரை அர்ரேலிஸ்ட் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது: கையில் வந்த அர்ரேயின் கிளாஸ் என்ன என்று அந்தக் கன்ஸ்ட்ரக்டரிலேயே கேட்டது, ஆப்ஜெக்ட் அர்ரே இல்லையென்றால் அங்கேயே புதிதாக ஆப்ஜெக்ட் அர்ரே ஒன்றை உண்டாக்கி அதற்கு மாற்றிக்கொண்டது. வாங்கும் வாசலில் ஒரே ஒரு சோதனை. உள்ளே இருக்கும் மற்ற மெத்தடுகள் எதற்கும் அந்தக் கவலை இல்லை.

சி++இல் இது இன்னும் கொடூரமாக இருக்கும். பேஸ் கிளாஸ் வகையில் அறிவித்த மாறியில், அதை விரித்து எழுதிய டிரைவ்டு கிளாஸின் ஆப்ஜெக்டை வைத்தால், பேஸுக்குச் சொந்தமான பாகம் மட்டும் காப்பியாகி மற்றது வெட்டுப்பட்டுப் போகும். ஸ்லைசிங் என்பார்கள். அங்கே பிழையே கிடையாது, மொழியின் விதிப்படி அது சரி.

பே.ப.எண்

பிளஸ் ஒன்னில் தமிழ் வழியில் கணக்குப்பதிவியல் படித்தவள் நான். குறிப்பேட்டில் எழுதியதைப் பேரேட்டுக்குக் கொண்டுபோவதற்கு எங்கள் புத்தகத்தில் எடுத்தெழுதுதல் என்று பெயர். காப்பி என்று யாரும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் தேதிக்கும் தொகைக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு பத்தி இருக்கும், தலைப்பு "பே.ப.எண்". பேரேட்டுப் பக்க எண். எடுத்தெழுதிய பிறகு எந்தப் பக்கத்தில் எழுதினோம் என்று அதில் குறிக்க வேண்டும். பரீட்சையில் அதற்கு மார்க் கிடையாது என்று பாதிப் பேர் காலியாக விட்டுவிடுவார்கள். எங்கள் டீச்சர் விடமாட்டார். அந்தப் பத்தி காலியாக இருந்தால் அந்தப் பதிவு இன்னும் எடுத்தெழுதப்படவில்லை என்று பொருள், ஆறு மாதம் கழித்து இருப்பாய்வு சேராதபோது முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பார். அன்றிரவு செட்டரில் மூன்று வரி எழுதிவிட்டு ஸ்டாக் ட்ரேஸைப் பார்த்தபோது அந்த ஒல்லிப் பத்திதான் ஞாபகம் வந்தது. எங்கள் நிரலில் எது எடுத்தெழுதப்படவில்லை என்று சொல்வதற்கு அப்படி ஒரு பத்தியே இருக்கவில்லை.

மறுநாள் டீம் லீடிடம் சொன்னேன், இந்த ஒற்றை வரி காப்பி வேண்டாம், கையால் எழுதலாம் என்று. "முப்பது புலத்துக்கு முப்பது வரி எழுதுவியா? நாளைக்கு ஒரு புலம் சேர்த்தா அதையும் ஞாபகமா எழுதணும், மறந்தா?" என்றார். நியாயமான கேள்விதான். கையால் எழுதும் காப்பியில் மறதி இருக்கிறது. ஆனால் கையால் எழுதும்போது இன்டிஜர் லிஸ்ட்டை லாங் லிஸ்ட் செட்டருக்குள் வைக்கப் பார்த்தால் கம்பைலர் அந்த நொடியே நிறுத்தும். நாம் உட்கார்ந்து, ஒவ்வொரு இன்டிஜரையும் லாங்காக மாற்று, புதிய லிஸ்ட்டில் சேர் என்று எழுத வேண்டிவரும். எழுதும் அந்த அரை நிமிஷத்தில் கேள்வி தானாக வரும்: ஏன் இது இன்டிஜர், ஏன் அது லாங்? அதோடு புதிய லிஸ்ட் உண்டாவதால் ஒரே லிஸ்ட்டை இருவர் பிடித்துக்கொண்டிருக்கும் பிரச்சினையும் கூடவே ஒழிகிறது. எதிர்த் திசையில், லாங்கிலிருந்து இன்டுக்குப் போவதாக இருந்தால் கேள்வி இன்னும் முக்கியம். 2147483647க்கு மேல் உள்ள எண்ணை இன்ட் என்று காஸ்ட் செய்தால் மேல்பாதி பிட்டுகள் உதிர்ந்து வேறொரு எண்ணாக வெளியே வரும், எந்தச் சத்தமும் இருக்காது. ஜாவா 8இல் வந்த மேத் டூ இன்ட் எக்ஸாக்ட் அந்த இடத்தில் எக்ஸெப்ஷன் எறியும். ஒரு வார்த்தைதான் வித்தியாசம், எழுதுபவர் அந்த இடத்தில் நின்று யோசித்தால்தான் அந்த வார்த்தை வரும்.

கடைசியில் இருவருக்கும் நடுவில் ஒரு வழி கிடைத்தது, மேப்ஸ்ட்ரக்ட். கம்பைல் நேரத்திலேயே காப்பி கோடை எழுதிக் கொடுத்துவிடும், ரிஃப்ளெக்ஷன் இல்லை. இன்டிஜர் லிஸ்ட்டை லாங் லிஸ்ட்டாக மாற்றும் கோடை அதுவே எழுதிவிடுகிறது, உண்டான ஃபைலைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். இலக்கில் நிரப்பப்படாமல் ஒரு புலம் மிச்சமிருந்தால் சாதாரணமாக எச்சரிக்கை மட்டும் கொடுக்கும், அதைப் பிழையாக மாற்றும்படி அமைத்தோம். முதல் முறை பில்டு ஓட்டியபோது பதினேழு பிழை. அதில் பதின்மூன்று வேண்டுமென்றே விட்ட புலங்கள், அவற்றை விடுகிறோம் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தோம். மீதி நான்கு இத்தனை வருஷமாக நிரம்பவே நிரம்பாமல் காலியாகத் திரைக்குப் போய்க்கொண்டிருந்தவை. அதில் ஒன்று டெலிவரி எடுத்தவரின் போன் நம்பர். அந்தக் கட்டம் எப்போதும் காலியாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து, அது அப்படித்தான் என்று பிராஞ்ச் ஆட்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று ஒட்டுகளையும் பிரித்தெடுத்தோம். நம்பர் வழியாக லூப் எழுதிய பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பிரித்தேன், செக்டு லிஸ்ட்டை அவளையே எழுதி ஓட்டச் சொன்னேன். காலி என்றால் எல்லாம் என்ற விதியையும் எடுத்துவிட்டோம். ஹெட் ஆபீஸ் ஆளுக்கு இப்போது தனியாக ஒரு அடையாளம் உண்டு, பட்டியல் காலியாக இருந்தால் எதுவும் தெரியாது. டீம் லீட் முதலில் தயங்கினார், பட்டியல் தற்செயலாகக் காலியானால் பிராஞ்ச் வேலை நின்றுவிடுமே என்று. நிற்கட்டும், நின்றால் பத்து நிமிஷத்தில் போன் வரும் என்றேன். ஒத்துக்கொண்டார். பழைய டேபிளில் இருந்த இன்ட்டையும் லாங்காக மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது, அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

லைவில் போட்ட அன்று காலை கரூருக்கு நானே போன் செய்தேன். லாகின் செய்து பார்த்துச் சொல்லச் சொன்னேன். பின்னால் லோடு இறக்கும் சத்தம், யாரோ பண்டல் எண்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "கரூரும் வேலாயுதம்பாளையமும் வருதுங்க மேடம். வேற எதுவும் வரல" என்றார்.

"ஈரோடு?"

"வரலைங்க. போய் நல்லா தேடியும் பாத்துட்டேன்."